ஒண்ணும் பண்ணாது

நாய் வளர்க்கும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு வாக்கியம் உண்டு: "ஒண்ணும் பண்ணாது சார்." அது காதில் விழும் நேரத்தில் நாய் நம் மார்பில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி நின்று, சட்டைப் பையில் இருப்பது பேனாவா பிஸ்கட்டா என்று ஆராய்ந்துகொண்டிருக்கும். சங்கிலியின் அந்தக் கோடியில் ஒருவர் சிரித்த முகத்தோடு நிற்பார். இதுவரை பண்ணியதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும் என்று அவரிடம் கேட்க நமக்கு வாய் வராது.

நாற்பத்து மூன்று வயது வரை நான் இதைக் கேட்கும் கட்சியில்தான் இருந்தேன். ஆதம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பு. இரண்டாவது மாடிக்காரர் நாயோடு லிஃப்டில் நின்றால், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு நான்கு மாடியும் படியேறிப் போவேன். லிஃப்டில் நாயை ஏற்றலாமா என்று வாட்ஸ்அப் குழுவில் சண்டை வந்தபோது, கூடவே கூடாது என்று மூன்று பத்தி எழுதியவனும் நான்தான்.

அப்புறம் மகள் பத்தாம் வகுப்பு மார்க்கைக் காட்டி ஒரு லாப்ரடார் குட்டி வாங்க வைத்தாள். மறுநாளே கட்சி மாறினேன். குடியிருப்புச் சங்கங்கள் நாய்க்குத் தடை போடக்கூடாது, லிஃப்டில் ஏறக்கூடாது என்று சொல்லக்கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015இல் அனுப்பிய சுற்றறிக்கையைத் தேடிப் பிடித்து அதே குழுவில் போட்டேன். 1962இல் அந்த வாரியம் தொடங்கப்பட்டபோது முதல் தலைவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் என்ற தகவலையும் சேர்த்தேன். செக்ரட்டரியின் மகள் பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாள், அதனால்தான். நாயைச் சங்கிலியில் பிடியுங்கள், அசிங்கம் செய்தால் அள்ளுங்கள் என்று வளர்ப்பவர்களுக்குச் சொல்லியிருந்த பக்கத்தை மட்டும் அனுப்பவில்லை.

குட்டிக்கு லட்டு என்று பெயர். மாநகராட்சியில் 50 ரூபாய் கட்டி லைசென்ஸ் வாங்கினேன். லைசென்ஸ் இல்லாவிட்டால் 5000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த பிறகு வாங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் யாரும் லட்டுவை 'அது' என்று சொல்வதில்லை, 'அவன்'தான். மனைவி இதைப் படிப்பாள் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவனை வெளியே கூட்டிப் போவதில் சில சங்கடங்கள். தெரு முனைப் பூங்காவில் 'நாய்களை அழைத்து வர அனுமதி இல்லை' என்று போர்டு. போர்டின் நிழலில் மூன்று தெரு நாய்கள் கால் நீட்டித் தூங்கும். அவற்றை யாரும் அழைத்து வரவில்லை, தாமாக வந்தவை என்பதால் விதிமீறல் இல்லை போலிருக்கிறது. லட்டு கேட்டுக்கு வெளியே நின்று அவற்றை ஏக்கத்தோடு பார்ப்பான். வாட்ச்மேன் அவனை விட மாட்டார், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் குதறின. அதற்குப் பிறகு எந்தத் தாய்தான் சங்கிலியில் வருவது லாப்ரடாரா ராட்வைலரா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள்?

அள்ளுவது இன்னொரு கதை. மருந்துக் கடைக் கறுப்புக் கவரில் அள்ளி முடிச்சுப் போட்டுக் குப்பைத் தொட்டியைத் தேடி நடந்துகொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிரே வருபவர், "என்ன சார், வஞ்சிரமா? கிலோ என்ன விலை?" என்று கேட்பார். என்ன சொல்வது? "இன்னிக்கு விலை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

இதெல்லாம் சில்லறை. சகலை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வருகிறேன்.

மனைவியின் அக்கா வீட்டுக்காரர் ஊரப்பாக்கத்தில் மனை வாங்கி, பதினொரு வருடம் கடன் கணக்குப் போட்டு, செங்கல் செங்கல்லாகக் கட்டிய வீடு. காலை நாலரை முதல் ஆறு மணிக்குள் முகூர்த்தம். லட்டுவை விட்டுப் போகலாம் என்றால் நாய்க் காப்பகத்தில் இடமில்லை. முகூர்த்த நாளில் மண்டபம் போல அதையும் முன்பே பிடித்து வைக்க வேண்டுமாம். "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடவா?" என்றாள் மனைவி. கேட்டால் வேண்டாம் என்பார்கள், கேட்காமல் போனால் வந்ததைத் திருப்பி அனுப்பவா போகிறார்கள் என்றேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த மோசமான முடிவுகளில் பலவற்றுக்கு இதே தர்க்கம்தான் அடிப்படை.

"கார்லயே இருப்பான். ஒண்ணும் பண்ண மாட்டான்."

இருந்தான், நாதஸ்வர கேசட் போடும் வரை. ஸ்பீக்கரில் மல்லாரி தொடங்கியதும் காருக்குள்ளிருந்து லட்டு அதே சுருதியைப் பிடித்து ஊளையிட்டான். விடியாத நேரம், புது மனைகள் நிறைந்த பகுதி, காலி நிலத்து நாய்களெல்லாம் சேர்ந்து பாடின. வாசலில் நின்றிருந்த அத்தனை பட்டுப் புடவைகளும் திரும்பிப் பார்த்தன. "யாரு அது?" என்றார் சகலை. "லட்டு வந்திருக்கான் பெரியப்பா" என்றாள் மகள். "லட்டு கேட்டரிங்ல சொல்லவே இல்லையே" என்றார் அவர்.

வேறு வழியில்லாமல் மகள் அவனைச் சங்கிலியோடு இறக்கினாள். இறங்கியதும் அவன் செய்த முதல் காரியம், வாசலில் குலை தள்ளிக் கட்டியிருந்த வாழை மரத்தை மோந்து பார்த்துப் பின்னங்காலைத் தூக்கியது. வலப்பக்க மரத்தோடு நிறுத்தியிருக்கலாம். இடப்பக்கத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தான்.

அந்தச் சமயம் பார்த்து மாடும் கன்றும் வந்தன. தொழில்முறை மாடு. நெற்றியில் மஞ்சள் குங்குமம், கழுத்தில் மாலை, முகத்தில் எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்ட அலுப்பு. "சீக்கிரம் சார், இன்னும் ரெண்டு வீடு போகணும்" என்று மாட்டுக்காரர் அவசரப்படுத்தினார். மாட்டுக்குத் தர ஒரு தாம்பாளத்தில் வாழைப்பழம், அகத்திக்கீரை, அரிசியும் வெல்லமும் கலந்து வைத்திருந்தார்கள். லாப்ரடார்களில் பலவற்றுக்கு வயிறு நிறைந்தது தெரியாமல் போவதற்கு ஒரு மரபணுக் கோளாறும் காரணம் என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். தாம்பாளத்தில் அகத்திக்கீரை மட்டும் மிஞ்சியபோது அதை நான் சகலையிடம் விளக்க முயன்றிருக்கக் கூடாது.

மாடு தலையைத் தாழ்த்தியது. கொம்பு இரண்டும் லட்டுவை நோக்கின. எங்கள் தெருவில் காய்கறி வண்டிக்காரரைத் தினமும் உறுமி விரட்டும் வீரன், மகள் கையிலிருந்த சங்கிலியை உதறிக்கொண்டு ஓடினான். எங்கே? திறந்திருந்த ஒரே வழி புது வீட்டு வாசல்தான். அக்காவும் அத்தையும் இரண்டு மணி நேரம் குனிந்து போட்ட மாக்கோலம் இன்னும் காயவில்லை. அதன் நடுவில் புகுந்து, நிலைப்படியைத் தாண்டி, ஹாலைக் கடந்து உள்ளே மறைந்தான். கிரானைட் தரையில் வாசலிலிருந்து வரிசையாக வெள்ளைப் பாதங்கள். "கிருஷ்ண ஜெயந்திக்குப் போடுற மாதிரியே இருக்குல்ல" என்றார் ஒரு பாட்டி, நிலைமை புரியாமல்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதினொரு வருடக் கடன், பசு முதலில் நுழைய வேண்டிய வீடு, என் நாய் முதலில் நுழைந்துவிட்டது. சகலை என்னைப் பார்த்தார். திட்டவில்லை. கோபம் இல்லாத, இமைக்காத, நீண்ட பார்வை. பத்து பைசா வட்டிக்குக் கொடுத்த பணத்தை ஆற்றில் போட்டவனைப் பார்ப்பது போன்ற பார்வை. திட்டியிருந்தால் தேவலை.

காப்பாற்றியவர் ஐயர். உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சாவகாசமாக வந்தார். "சிவன் கோயில்ல பைரவர் எந்த மூலையில இருப்பார்?"

"வடகிழக்கு" என்றார் யாரோ.

"ஈசான்யம். இந்த வீட்டுல ஈசான்யத்துல என்ன இருக்கு? பூஜை ரூம். அவன் அங்கதான் போய் உட்கார்ந்திருக்கான். பைரவர் க்ஷேத்திரபாலகர் இல்லையா? வாகனம் முன்னாடி வந்து காவல் பார்த்துட்டுப் போயிருக்கு. நல்ல சகுனம்." கூட்டம் ஒரே மூச்சாக மூச்சுவிட்டது. "இருந்தாலும் மனசுக்கு ஒரு திருப்திக்கு இன்னொரு தரம் தீர்த்தம் தெளிச்சுடலாம்" என்று சொல்லிவிட்டு ஐயர் என்னைப் பார்த்தார். 501 ரூபாய் கொடுத்தேன்.

பிறகு மாடு முறைப்படி உள்ளே போனது. ஹால் நடுவே நின்று வாலைத் தூக்கிச் சாணம் போட்டது. "ஆஹா, லட்சுமி வந்தாச்சு!" என்று ஒரே ஆரவாரம். அக்காவுக்குக் கண்ணில் நீர். மாட்டுக்காரருக்குக் கூட நூறு ரூபாய். மகள் என் காதருகே வந்து, "மாடு நடுவீட்டுல போனா கை தட்டுறாங்க. லட்டு வெளியில மரத்துல போனதுக்கு ஏம்ப்பா முறைக்கிறாங்க?" என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

டிபன் பந்தியில் அவனைத் தூணில் கட்டிவிட்டு உட்கார்ந்தோம். எதிர் வரிசையில் ஒரு சின்னப் பையன் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்று அழுதான். "ஒண்ணும் பண்ணாதுடா கண்ணா" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அவனுக்குப் பக்கத்தில் சகலையின் பெரியப்பா. எழுபத்தைந்து வயதிருக்கும். சட்டையை மெதுவாக விலக்கித் தொப்புளைச் சுற்றிக் காட்டினார்.

"பதினாலு ஊசி. ஒன்பது வயசுல. அந்த நாய்க்காரரும் இதையேதான் சொன்னாரு தம்பி."

அந்தக் காலத்து ஊசி மருந்து ஆட்டு மூளையிலிருந்து எடுத்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் தயாரிப்பார்கள். 2005 வாக்கில் அது ஒழிந்து இப்போது கையிலேயே நாலைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் பெரியவரின் பயம் போய்விடுமா? லட்டுவுக்கு வெறிநாய்த் தடுப்பூசி வருடம் தவறாமல் போட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். "அது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பையனை இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு அவனுக்கு இட்லி ஊட்டினார். நான் பொங்கலைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து லட்டுவைக் காருக்குக் கூட்டிப் போனேன். அன்று நான் செய்த உருப்படியான ஒரே காரியம் அதுதான். வீடு வந்து சேரும் வரை மனைவி பேசவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அலுவலக நண்பர் வருவதாகச் சொன்னார். கதவைத் திறந்தால் கூடவே ஒரு பீகிள். "தனியா விட்டா கத்துறான் சார், அதான். ஒண்ணும் பண்ணாது" என்றபடி உள்ளே வந்தார். பீகிள் நேராகப் போய் லட்டுவின் கிண்ணத்தில் இருந்த தண்ணீரைக் குடித்தது. தட்டில் மிச்சமிருந்ததைத் தின்றது. அப்புறம் புது சோஃபாவின் காலருகே போய் மோந்து பார்த்துப் பின்னங்காலைத் தூக்கியது.

லட்டு குரைக்கவில்லை, நகரவில்லை. என் பக்கம் திரும்பி இமைக்காமல் பார்த்தான். அச்சு அசல் சகலை.