நாலு பெட்ஷீட்

நவம்பர் 10
ராத்திரி ரெண்டே கால். அப்பாவின் பெட்ஷீட்டை மெஷினில் போட்டு பட்டனை அமுக்கினேன். ஒரு விளக்கும் எரியவில்லை.

நவம்பர் 11
கதவைத் திறந்து மூடினேன். சைல்ட் லாக்காக இருக்குமோ என்று ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கிப் பிடித்தேன். கரண்ட் அதிகமானால் தானே விழுகிற எம்சிபி சுவிட்சும் விழவில்லை. கஸ்டமர் கேரில் பேசிய பெண் பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் வைக்கச் சொன்னாள். இருபது நிமிஷம் வைத்தேன். பாயிண்டில் டெஸ்டரை விட்டால் பளிச்சென்று எரிகிறது. கரண்ட் வருகிறது, அப்படியானால் மெஷினுக்குள்தான் ஏதோ போயிருக்கிறது.

இருப்பது நாலு பெட்ஷீட். ஒன்று அப்பாவின் கீழே, ஒன்று பக்கெட்டில், ஒன்று ஹால் கொடியில். அலமாரியில் ஒன்றே ஒன்று.

நவம்பர் 12
மழை. துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர். டெக்னீஷியன் வரவில்லை.

நவம்பர் 13
கையால் அலசுகிறேன். அது கஷ்டமில்லை. பாத்ரூமுக்கும் அப்பாவின் கட்டிலுக்கும் ஆறடிதான். பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். இடது கை வராமல் போனதிலிருந்து, திரும்பிப் படுப்பதற்கே மூச்சு வாங்கும் அவருக்கு. இருந்தும் திரும்புகிறார்.

மெஷின் ஓடிய நாட்களில் இப்படி இல்லை. என் பனியன், அவர் வேட்டி, தலையணை உறை எல்லாம் ஒன்றாகச் சுற்றும். வீட்டில் துணி துவைக்கிறார்கள், அவ்வளவுதான். இப்போது அந்த ஒரு துணி மட்டும் தனியாகத் தெரிகிறது. ஹாலில் ஃபேனுக்குக் கீழே தொங்குகிறது, ரெண்டு நாளாகியும் காயவில்லை, அவர் கண்ணுக்கு நேரே.

நேற்று மத்தியானத்திலிருந்து தண்ணீர் வேண்டாம் என்கிறார். தாகமே இல்லையாம். டம்ளரை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். ஏன் என்று எனக்குத் தெரியும். அவரிடம் எப்படிச் சொல்வது? நனைந்தால் நனையட்டும், குடிங்கப்பா என்று எந்த வாயால் சொல்வது?

நவம்பர் 15
டெக்னீஷியன் வந்தார். டெஸ்டர் வைத்தார், எரிந்தது. மூடியைக்கூடக் கழற்றவில்லை. "மெஷின் உள்ள இருக்கற போர்டு போச்சு சார்." 7,200 ரூபாய், வந்து சேர எட்டு நாள். பணம்கூடப் பரவாயில்லை. எட்டு நாள்.

அரை டம்ளர் குடித்தார்.

நவம்பர் 16
அக்கா போனில் டயப்பர் போடச் சொல்கிறாள். அவள் சொல்வதில் தப்பில்லை. அப்பாவிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

நவம்பர் 17
கீழ் வீட்டு மாமியை அப்பாவோடு உட்காரவைத்துவிட்டு, நந்தனத்தில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனேன். பழைய போர்டு கிடைக்குமா என்று நாலு கடை. ஐந்தாவதில் போர்டு ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவர், "வேற பாயிண்ட்ல போட்டுப் பாத்தியா தம்பி?" என்றார். வீட்டில் இன்னொரு 16 ஆம்பியர் பாயிண்ட் கீசருக்கு, பாத்ரூம் மேலே. மெஷின் வயர் எட்டாது. டெஸ்டர் எரிகிறதே என்றேன்.

"டெஸ்டர் எரிஞ்சா ஃபேஸ் இருக்கு, அவ்ளோதான். போன கரண்டு திரும்பி வர நியூட்ரல் வேணும்ல? அது இருக்கா இல்லையான்னு டெஸ்டர் சொல்லாது. பல்பு போட்டுப் பாரு."

காசு வாங்கவில்லை.

நவம்பர் 18
எலக்ட்ரீஷியன் ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்போடு வந்தார். ஃபேஸிலும் நியூட்ரலிலும் வைத்தார், எரியவில்லை. ஃபேஸிலும் எர்த்திலும் வைத்தார், எரிந்தது. எம்சிபியை இறக்கிவிட்டு சாக்கெட்டைக் கழற்றினால், நியூட்ரல் வயரின் நுனி கரிக்கட்டை. ஸ்க்ரூவை விட்டே வந்துவிட்டது. பிளாஸ்டிக் உருகி வழிந்திருக்கிறது.

"சுடுதண்ணி வச்சு ஓட்டுவீங்களா?" என்றார். தினமும் 60 டிகிரி. ஹீட்டர் 2,000 வாட், 230 வோல்ட்டில் எட்டு ஒன்பது ஆம்பியர் இழுக்கும். லூசான ஸ்க்ரூ வழியாக அவ்வளவும் ஓடினால் அந்த இடம் காய்ந்துகொண்டே இருக்குமாம். நாற்றம் போகட்டும் என்று 60 வைத்தது நான்தான். தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் கருகல் வாசனை வந்தது. பக்கத்து வீட்டுத் தாளிப்பு என்று விட்டுவிட்டேன். அப்பா ஆறடியில் படுத்திருக்கிறார், எழுந்து ஓட முடியாது. இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

கருகியதை வெட்டி, நல்ல செம்பு வரும்வரை சீவி, புது சாக்கெட். 450 ரூபாய். கீசர் பாயிண்டையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன்.

விளக்கு எரிந்தது. என் சட்டை, அவர் வேட்டி, ரெண்டு பெட்ஷீட், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன். சத்தம் கேட்டு அப்பா கூப்பிட்டார்.

"எவ்ளோ ஆச்சு?"

சொன்னேன்.

"பரவால்ல."

நவம்பர் 19
ரெண்டு டம்ளர். ரசம் தனி.

நவம்பர் 21
மூணே கால். மெஷின் சுற்றுகிறது. பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. அப்பா முழித்துக்கொண்டுதான் இருக்கிறார். சுவர்ப் பக்கம்.