அரை ஷிப்ட்தான் முதலில் போகும்

ரூபாய் வலுத்துவிட்டது, அதாவது ஒரு டாலருக்குக் கிடைக்கும் ரூபாய் குறைந்துவிட்டது என்று செய்தி வரும் நாளில் திருப்பூரில் எதுவும் மாறாது. கட்டிங் மேஜையில் கிடப்பது மூன்று நாலு மாதத்துக்கு முன்னால் விலை பேசிய ஆர்டர். அதைத் தைத்து அனுப்பியே ஆக வேண்டும். அடி விழுவது அடுத்த ஆர்டரில். அப்போதும் கம்பெனிக்குப் பூட்டு விழாது. காலை எட்டரைக்கு ஆரம்பித்து ராத்திரி எட்டரை வரை ஓடும் ஒன்றரை ஷிப்ட், சாயங்காலம் ஐந்தரையோடு நின்றுவிடும். கூலி ஒப்பந்தத்தில் எழுதிய ரேட் அப்படியே இருக்கும்; சனிக்கிழமை கைக்கு வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்காது. தேனியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து அறை வாடகை போக மிச்சத்தை ஊருக்கு அனுப்புகிறவருக்கு அந்த அரை ஷிப்ட்தான் சேமிப்பு. வேலைவாய்ப்பு எண்ணிக்கையில் இது எங்கும் பதிவாவதில்லை.

2007 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 44 ரூபாய் கிடைத்தது. அந்த ஆண்டு முடியும்போது 40-க்குக் கீழே. நாலு ரூபாய்தானே என்று தோன்றும். ஒரு பீஸுக்கு ஆகும் செலவை எழுதும் காஸ்டிங் ஷீட்டில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். மாதிரிக்கு ஒரு டி-ஷர்ட், கப்பலேறும் விலை 3 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 44-இல் அது 132 ரூபாய். சாயம் ஏறிய துணி 62, பிரிண்ட், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி எல்லாம் 18, வெட்டுவதிலிருந்து பேக்கிங் வரை கூலி 28, வண்டி வாடகை, வட்டி, ஆபீஸ் செலவு 15. மொத்தம் 123, கையில் நிற்பது 9. டாலர் 40 ஆனதும் அதே பீஸுக்கு வருவது 120. ஒன்பது ரூபாய் லாபம் போய், மூன்று ரூபாய் கைநஷ்டம்.

செலவும் சேர்ந்து குறையாதா என்றால், குறையும், கொஞ்சம். வெளிநாட்டிலிருந்து வரும் ஜிப், சில சாயம், கெமிக்கல் இவற்றில் ஒன்றிரண்டு ரூபாய் மிஞ்சலாம். பஞ்சு விலை உலகச் சந்தையை ஒட்டி நகர்வதால் நூலும் இறங்க வேண்டும். ஆனால் மில்லில் ஏற்கெனவே வாங்கி வைத்த பஞ்சு தீரும் வரை இறங்காது. கூலி, கரண்ட், சாயப்பட்டறைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் கட்டணம் எல்லாம் ரூபாய்ச் செலவு; டாலரைக் கண்டு அசையாதவை. ஏற்றுமதியாளருக்கு அரசு வரியைத் திருப்பித் தரும் டிராபேக் இருக்கிறதே என்பவர்கள், அதுவும் கப்பலேறும் விலையில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடப்படுவதை மறந்துவிடுகிறார்கள். விலை ரூபாயில் சுருங்கினால் டிராபேக்கும் சுருங்கும். பழைய 132-ஐ எட்ட வேண்டுமானால் பீஸுக்கு 3 டாலர் 30 சென்ட் கேட்க வேண்டும். வெளிநாட்டு பையருக்காக இங்கே சரக்குப் பிடிக்கும் பையிங் ஏஜென்ட்டிடம் முப்பது சென்ட் கேட்டால் வரும் பதில், பங்களாதேஷில் என்ன விலை என்பதுதான்.

அந்த நாட்டுப் பணமான டாகாவும் அதே அளவு வலுத்திருந்தால் பிரச்சினை பாதி. ரூபாய் மட்டும் தனியாக ஏறும்போதுதான் ஆர்டர் கைமாறுகிறது. அதனால் டாலர் விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. போட்டி நாட்டுப் பணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கி 40 நாட்டுப் பணங்களோடு ஒப்பிட்டு வெளியிடும் குறியீடு அதற்காகத்தான் இருக்கிறது. பஞ்சாலைக்காரர்கள் சிலர் அதைப் பார்க்கிறார்கள், பனியன் கம்பெனிகளில் குறைவு.

2007-இல் இன்னொன்றும் நடந்தது. டாலருக்கு எதிராக யூரோவும் அந்த ஆண்டு ஏறியதால், யூரோ விலை தொடக்கத்திலும் முடிவிலும் 58 ரூபாயை ஒட்டியே இருந்தது. இடையில் இறங்கியது, மீண்டும் ஏறிவிட்டது. ஒரே தெருவில் டாலரில் பில் போட்டவர் தவித்தார், யூரோவில் போட்டவர் தப்பித்தார். 'வலுவான ரூபாய்' என்ற பேச்சு எந்தப் பணத்துக்கு எதிராக என்று கேட்காமல் முழுமை அடையாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. விலை பேசுவதற்கும் பணம் வருவதற்கும் நடுவே ஐந்தாறு மாதம் இருக்கிறது: நூல் வாங்கி, நிட்டிங், சாயம், துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங், தையல், தூத்துக்குடி, கப்பல், பிறகு பில்லில் 60 அல்லது 90 நாள் தவணை. இந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் ஃபார்வர்டு கான்ட்ராக்ட். மூன்று மாதம் கழித்து வரும் ஒரு லட்சம் டாலருக்கு இன்றே விலை முடித்துவிடலாம். இங்கே வட்டி அமெரிக்காவைவிடக் கூடுதலாக இருக்கும் வரை, இன்றைய ரேட்டுக்கு மேல் கொஞ்சம் பிரீமியமும் கிடைக்கும். கெடுவது தேதியில்தான். சாயத்தின் ஷேட் பொருந்தவில்லை, துணி மறுபடியும் சாயப்பட்டறைக்குப் போனது, கப்பல் தவறியது என்றால் டாலர் சொன்ன நாளில் வராது. கான்ட்ராக்ட்டைத் தள்ளிப் போட வேண்டும், அல்லது ரத்து செய்ய வேண்டும். அதற்குள் டாலர் ஏறியிருந்தால் வித்தியாசத்தைக் கம்பெனிதான் கட்டும். உறுதியான ஆர்டரில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் புக் செய்வது நல்லது. வாய்மொழி ஆர்டரை நம்பிப் புக் செய்வது சூதாட்டம். அதைவிடப் பெரிய சூதாட்டமும் அந்தக் காலத்தில் நடந்தது: யென், சுவிஸ் பிராங்க் என்று திருப்பூர் பில்லுக்குச் சம்பந்தமே இல்லாத பணங்களை வைத்து எழுதிய டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள். 2008-இல் அவை நீதிமன்றம் வரை போயின.

சிறிய கம்பெனிக்குச் சுலபமானது டாலரில் பேக்கிங் கிரெடிட், அதாவது சரக்கு கப்பலேறும் முன்பே வங்கி தரும் ஏற்றுமதிக் கடன். கடன் டாலரில்; வாங்கிய அன்றே ரூபாயாக மாற்றி நூலுக்குக் கொடுத்துவிடலாம். ஏற்றுமதி பில் வந்ததும் டாலராகவே கழிந்துவிடும். நடுவில் டாலர் சரிந்தாலும் அந்தப் பங்குக்குப் பாதிப்பில்லை. பில் கொடுக்கும்போது கிளையில் சொல்லும் ரேட்டுக்குத் தலையாட்டாமல், வங்கியின் டீலரிடம் நேரடி ரேட் கேட்பதும் முக்கியம். பத்து பைசா வித்தியாசம் ஒரு லட்சம் டாலருக்குப் பத்தாயிரம் ரூபாய்.

லாபம் யாருக்கு? ஜெர்மனி, ஜப்பான், தைவான் நிட்டிங் மெஷின் வாங்கக் காத்திருப்பவருக்கு நல்ல நேரம். ஆனால் ஆர்டர் குறைந்த சமயத்தில் மெஷின் வாங்கத் துணிகிறவர் குறைவு. கோவையில் தங்கம் கொஞ்சம் இறங்கும். பெட்ரோல் விலையில் பெரிய பங்கு வரி என்பதால் பம்ப்பில் பெரிதாகத் தெரியாது. இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வரும் பாமாயில் மலிவாகும், மளிகைச் செலவு குறையும். அதே பாமாயில்தான் காங்கேயம் களங்களில் கொப்பரை விலையை ஏறவிடாமல் பிடித்து வைப்பதும். தோப்பு வைத்திருக்கும் குடும்பத்தில் பையன் பனியன் கம்பெனியில் இருந்தால், எண்ணெய்ப் பாக்கெட்டில் மிஞ்சியது இரண்டு பக்கமும் போய்விடும்.

2013 ஆகஸ்ட்டில் டாலர் 68-ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு இங்கே பெரும்பாலும் பேச்சு டாலர் ஏறுவதைப் பற்றித்தான். அதனால் பழைய பழக்கம் ஒன்று தளர்ந்துவிட்டது: டாலரின் சந்தை விலையைவிட ஒன்றோ ஒன்றரை ரூபாயோ குறைத்து வைத்துக் காஸ்டிங் போடுவது. இப்போது அன்றைய ரேட்டை அப்படியே போட்டு விலை கொடுக்கிறார்கள். பையரின் சார்பில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடமும் அதே ரேட் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது. டாலர் ஒரு ரூபாய் ஏறினால் அடுத்த நாளே தள்ளுபடி கேட்டு மெயில் வரும். இறங்கினால் எந்த மெயிலும் வராது.