வெள்ளியங்கிரி: ஏறினதை எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் இறங்கினதைச் சொல்றேன்

அடுத்தடுத்து ஏழு மலை ஏறி உச்சியில் சிவனைக் கும்பிடுகிற இடம் வெள்ளியங்கிரி. கோயம்புத்தூர்க்காரனிடம் யாராவது அதைப் பற்றிக் கேட்டால் முதல் கேள்வி "ஏழு மலையும் ஏறிட்டியா?" என்பதுதான். எப்படி இறங்கினாய் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. ஆனால் எங்கள் கூட்டத்தின் லட்சணம் முழுக்கத் தெரிந்தது இறங்கும்போதுதான்.

பிப்ரவரியிலிருந்து மே கடைசி வரைதான் வனத்துறை பக்தர்களை மேலே விடும். மற்ற மாதங்களில் அது யானைகளின் காடு. சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் கூட்டம் தாங்காது என்பதால் இடையில் ஒரு சாதாரண வார நாளைப் பிடித்தோம். கல்லூரிக் கூட்டாளிகள், எல்லாரும் ஆண்கள்தான், ஏனென்றால் இந்த மலையில் குறிப்பிட்ட வயதுப் பெண்கள் ஏறக்கூடாது என்றொரு வழக்கம் இருக்கிறது (எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம்). தினமும் ஜிம்முக்குப் போகிற ஒருத்தன், லேப்டாப்பை விட்டு எழுந்திருக்காத ஒருத்தன், ஆலாந்துறையில் பிறந்து சின்ன வயதிலிருந்தே இந்த மலையில் ஏறி இறங்கும் ஒருத்தன், அப்புறம் நான்.

பூண்டி அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டோம். பையைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். பிளாஸ்டிக் கவர், தீப்பெட்டி, பீடி எதுவும் கூடாது, பிஸ்கட்டைக்கூடப் பேப்பரில் மாற்றிக் கட்டச் சொல்லிவிட்டார்கள். கோடையில் அந்தக் காடு காய்ந்து கிடப்பதைப் பார்த்தால் கோபம் வராது. நாலாவது மலைக்கு மேல் பெரும்பாலும் புல்வெளி, வெயிலுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடைப்பது கஷ்டம், அதனால்தான் முக்கால்வாசிப் பேர் ராத்திரியில் ஏறுகிறார்கள். நாங்களும் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினோம்.

முதல் மலைதான் ஆளை எடை போடும். கல்படி என்று பெயர், ஆனால் ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது சாண் உயரம், காலுக்கு ஒரு தாளமே பிடிபடாது. இரண்டு பக்கமும் மரம் அடைத்திருப்பதால் காற்றும் இல்லை. ஜிம்காரன் போகிற வேகத்தில் அவனுடைய டார்ச் வெளிச்சம் கொஞ்ச நேரத்தில் கண்ணில் படவில்லை. வெள்ளைப் பிள்ளையார் கோயிலில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் சுக்குக் காபியை முடித்துவிட்டு, "என்ன மாப்ள இவ்ளோ நேரம்?" என்றான். அப்புறம் பாம்பாட்டிச் சுனை, வழுக்குப் பாறை, கைதட்டிச் சுனை, பீமன் களியுருண்டை என்று வரிசையாகப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லா இடத்திலும் இதே கதைதான், அவன் முன்னால், லேப்டாப்காரன் கடைசியில், அவனுக்குப் பின்னால் ஒரு வார்த்தை பேசாமல் ஆலாந்துறைக்காரன்.

இந்த மலையில் எல்லாரும் எல்லாருக்கும் சாமிதான். எதிரே இறங்கி வருகிறவர்களிடம் "இன்னும் எவ்ளோ தூரம் சாமி?" என்று கேட்டால், "பக்கந்தானுங்க சாமி, இதா வந்துருச்சு" என்பார்கள். அப்படி வந்துருச்சு என்று சொன்ன இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடந்திருக்கிறோம். அத்தனையும் பச்சைப் பொய், ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் எங்களில் பாதிப்பேர் அங்கேயே உட்கார்ந்திருப்போம்.

உச்சியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டிச் சுனையின் ஐஸ் தண்ணீர், ஏழாவது மலையின் செங்குத்து, ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் பெரும்பாறைகளுக்குள் சுயம்பு லிங்கம், பல்லைக் கிட்டிக்க வைக்கும் காற்று. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 6,000 அடி. சாமி கும்பிட்டோம், விடிந்தது, போட்டோ எடுத்தோம்.

கூத்து அதற்கப்புறம்தான். ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது, இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். நம் எடை முழுவதும் ஒவ்வொரு படியிலும் முட்டியில் போய் இறங்கும். படிகள் தெரியாமல் ஏறிய இருட்டு இப்போது இல்லை, கீழே எவ்வளவு ஆழம் என்பது நன்றாகவே தெரிகிறது. மூன்றாவது மலை தாண்டும்போது ஜிம்காரனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. புது ஷூ வேறு, இறங்க இறங்கக் கட்டைவிரல் முன்னால் போய் இடித்து நகம் கருத்துவிட்டது. பாறையில் உட்கார்ந்து, "நீங்க போங்கடா, நான் மெதுவா வர்றேன்" என்றான்.

ஆலாந்துறைக்காரன் போகவில்லை. ஷூவைக் கழற்றச் சொல்லி, அவன் பாதத்தைத் தன் மடியில் வைத்து விரல்களை மேல்நோக்கி வளைத்துப் பிடித்தான். சதைக்குள் ஏதோ உருள்வது வெளியிலிருந்தே தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் அடங்கியது. உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு வாங்கிக் கொடுத்தான். குதிகால் நகராதபடி லேஸை இறுக்கிக் கட்டிவிட்டு, "நேராக் கால வைக்காத, பக்கவாட்டுல இறங்கு, மொதல்ல தடி, அப்புறம் கால். ரொம்ப நேரம் உக்காராத, முட்டி பூட்டிக்கும்" என்றான். ராத்திரி முழுக்க அவன் பேசியதை எல்லாம் கூட்டினாலும் இவ்வளவு வராது. லேப்டாப்காரன் இதற்குள் தன் பையோடு ஜிம்காரன் பையையும் மாட்டிக்கொண்டு, ஆமை வேகத்தில், ஆனால் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தான்.

அடிவாரம் வந்தபோது உச்சி வெயில். என் தடியின் அடிமுனை நார்நாராகப் பிரிந்து விரிந்திருந்தது. அன்னதானத்துக்குத் தரையில் உட்கார்ந்தோம், சாப்பிட்டு எழுந்திருக்கத்தான் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. வலி அன்றைக்குப் பெரிதாக இல்லை, அடுத்த இரண்டு நாள்தான் விசேஷம். ஆபீசில் மாடிப்படியைத் திரும்பி நின்று பின்பக்கமாக இறங்கினேன், எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

போகிறவர்களுக்கு: இதய நோய், மூச்சுத்திணறல் இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்வது சும்மா பேச்சில்லை, அங்கே உயிர் போன செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு மாதம் முன்பிருந்தே மாடிப்படி ஏறிப் பழகுங்கள், லிஃப்டில் இறங்காமல் நடந்தே இறங்கவும் செய்யுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கூட்டத்தில் யார் மெதுவாக நடப்பவனோ அவன் வேகம்தான் எல்லார் வேகமும் என்று அடிவாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

வாட்ஸ்ஆப் குழுவில் ஜிம்காரன் நேற்று, "அடுத்து பர்வதமலை?" என்று திருவண்ணாமலைப் பக்கத்து மலையைக் கேட்டுப் போட்டிருக்கிறான். நகம் இன்னும் முளைக்கவில்லை அவனுக்கு. ஆலாந்துறைக்காரன் மட்டும் பதில் போட்டான்: "அங்க இறங்கறதுக்குச் சங்கிலியாவது இருக்குது, போலாம்."