சிவக்கவில்லையே என்றார்

அன்று சிகிச்சைக்கு வந்தவரின் காலை ஸ்டீல் கருவியால் தேய்த்தபோது நான் இன்னும் அழுத்தியிருக்கலாமோ என்ற யோசனை விட்டபாடில்லை. வந்தவர் ஓட்டக்காரர், கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் அகில்லிஸ் தசைநாணில் பல மாத வலி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எதுவும் எடுக்கவில்லை, தோலில் காயமில்லை, ஆக கருவியால் தேய்க்கக்கூடாது என்பதற்கும் காரணமில்லை. க்ரீம் தடவி, ஸ்டீல் கருவியின் விளிம்பைச் சாய்த்துப் பிடித்துக் கெண்டைக்காலில் மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தேன். "சிவக்கவே இல்லையே சார், போன இடத்துல புள்ளி புள்ளியா வந்துச்சே" என்றார்.

அந்தப் புள்ளிகள் தோலுக்கடியில் நுண்குழாய்கள் உடைந்து ரத்தம் கசிந்ததால் வந்தவை, குணமாவதற்கான அடையாளம் இல்லை என்றேன். அப்போ உள்ளே இருக்கிற முடிச்சு எப்படி உடையும் என்று கேட்டார். உடையாது என்றேன். பாதத்தடி திசுப்படலத்தை ஒரு சதவீதம் அமுக்கவே மனிதக் கையால் தர முடியாத விசை வேண்டும் என்று 2008-ல் வந்த ஒரு கணித ஆய்வு சொன்னது, அதைத்தான் மனதில் வைத்துச் சொன்னேன். ஆனால் கருவி வழியாக விரலில் நறநறவென்று ஏதோ தட்டுப்படுவது நிஜம், அது என்ன என்று கேட்டிருந்தால் என்னிடம் உறுதியான பதில் கிடையாது. நல்லவேளை, கேட்கவில்லை.

கருவியை வைத்துவிட்டுப் பயிற்சியைக் காட்டினேன். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முட்டியை நீட்டி 15 தடவை வீதம் 3 சுற்று, மடக்கி 3 சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். "இதை வீட்லயே பண்ணிக்கலாமே, அப்புறம் உங்ககிட்ட எதுக்கு?"

அதற்கப்புறம் அவர் வரவில்லை.

சரியாகத்தான் செய்தேன். ஆனாலும், கருவி பட்டதும் வலி கொஞ்ச நேரம் குறைகிறது, அந்த இடைவெளியில்தான் பலர் பயிற்சிக்கே இறங்குகிறார்கள். கொஞ்சம் சிவக்கவிட்டு அவரை 12 வாரம் பிடித்து வைத்திருந்தால் அவருக்கும் நல்லதுதானே? பொய்க்கு ஒத்து ஊதிய மாதிரி ஆகியிருக்கும், அதுவும் உண்மை. இத்தனை பேசுகிற நான் இன்னும் கருவியை விடவில்லை, பாதிக் காரணம், கையாலேயே அழுத்தினால் வரும் என் கட்டைவிரல் வலி. இப்போதெல்லாம் பயிற்சியை முதலில் கொடுத்துவிட்டு, கருவியைக் கடைசிக்கு வைக்கிறேன். நேரமாகிவிட்டது, கருவியை மட்டும் போட்டு விடுங்கள் என்கிறவர்களிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.