டூப்ளெக்ஸுக்குள் ஒளிந்திருக்கும் ‘அப்’

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். தோட்ட ஆபீஸ், செம்பனை ஆலை, எடைமேடை, கிளினிக் என நாலு இடம், நாலிலும் கணினிகளை வலையில் இணைக்கும் சிஸ்கோ சுவிட்ச். ஃபைபர் லைன் படுத்தால் 4ஜிக்கு மாற்ற ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். அது மாற்றாமல் விட்டால் எடைமேடையில் லாரிகள் வரிசை கட்டும். வெட்டிய குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும்.

ஸ்கிரிப்டில் தொடரிலக்கணப் பிழை, அதாவது மொழியின் விதிப்படி எழுதாத பிழை, நல்ல பிழை. கத்திவிட்டு நின்றுவிடும். ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற நிபந்தனை தப்பினால் கத்தாது. லாக் முழுக்கப் பச்சையாக இருக்கும், லைன் மட்டும் இருக்காது.

நிபந்தனைப் பிழைகளில் அதிகம் பார்ப்பது இதுதான்: போர்ட்டுகளின் நிலையைக் காட்டும் ‘ஷோ இன்டர்ஃபேசஸ்’ கட்டளையின் வெளியீட்டை வாங்கி, அதில் ‘அப்’ என்ற சொல் இருக்கிறதா என்று ‘இன்’ போட்டுக் கேட்பது. போர்ட் செத்துக் கிடந்தாலும் ‘ஆம்’ என்றுதான் பதில் வரும். காரணம், கீழே, போர்ட்டின் இருவழிப் பரிமாற்ற முறையைச் சொல்லும் ‘ஆட்டோ-டூப்ளெக்ஸ்’ என்று ஒரு வரி இருக்கிறது. டூப்ளெக்ஸின் ஆங்கில எழுத்துகளை எண்ணிப் பாருங்கள்: டி, யூ, பி... இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் ‘அப்’. பைத்தானுக்குச் சொல் தெரியாது, எழுத்துதான் தெரியும். ஆகவே முதல் வரியை மட்டும் பிரித்தெடுத்து, ‘லைன் புரோட்டகால் இஸ் அப்’ என்ற முழுத் தொடரைத் தேடுங்கள். சுவிட்சோடு பேசும் பைத்தான் நூலகமான நெட்மிகோவில், உரையைப் பிரிக்கும் டெக்ஸ்ட்எஃப்எஸ்எம் வைத்துப் புலங்களாகப் பிரித்துவிட்டால் இன்னும் நல்லது.

போர்ட் எண்ணிலும் இதே கதை. ‘1/0/1’ என்று தேடினால் 1/0/10 முதல் 1/0/19 வரை எல்லாம் சேர்ந்து வரும். 24 போர்ட் சுவிட்சில் ஒன்றுக்குப் பதில் 11 வரி.

‘டவுன்’ இல்லையென்றால் நலம் என்று தலைகீழாக எழுதுவது அதைவிட ஆபத்து. டைம்அவுட் பிழையை ‘எக்செப்ட்’டில் பிடித்து, வெளியீட்டைக் காலிச் சரமாக, அதாவது ஓர் எழுத்தும் இல்லாத உரையாக, வைத்திருப்பார்கள். காலிச் சரத்தில் ‘டவுன்’ ஏது? தொடர்பே கிடைக்காத சுவிட்ச், நலம் என்று பதிவாகிவிடும்.

வலையைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் வீலான் எண்ணைச் சோதிக்க ‘வீலான் 10-க்குச் சமம் அல்லது 20’ என்று எழுதினால் எப்போதும் உண்மைதான், ஏனென்றால் பூஜ்யமல்லாத 20 தனியாக நின்றாலே பைத்தானுக்கு உண்மை. சுவிட்சிலிருந்து வரும் ‘10’ எழுத்துச் சரம். அதை எண் 10-உடன் ஒப்பிட்டால் பிழைச் செய்தியே இல்லாமல் ‘இல்லை’ என்று வரும்.

பல சுவிட்சுகளை ஒன்றாக அமைக்கும் கருவியான அன்சிபிளில் பொறி வேறு. கட்டளை வரியில் ‘மைனஸ் இ’ போட்டு, ஒரு மாறிக்குச் சமக்குறியிட்டு ‘ஃபால்ஸ்’ என்று கொடுத்தால் அது பூலியன் (உண்மை அல்லது பொய் என்ற மதிப்பு) அல்ல, வெறும் சரம். காலியில்லாத சரம் என்பதால் பழைய பதிப்புகளில் ‘வென்’ நிபந்தனை அதை உண்மையாக எடுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு, 2.19 முதல் பூலியன் இல்லாவிட்டால் பிழை காட்டி நிற்கிறது. எந்தப் பதிப்பானாலும் மதிப்பைப் பூலியனாக்கும் ‘பூல்’ வடிகட்டியைச் சேர்த்துவிடுங்கள். இன்னொன்று: தவிர்க்கப்பட்ட டாஸ்க்கும், முடிவைச் சேமிக்கும் ‘ரெஜிஸ்டர்’ மாறியை உருவாக்கிவிடும். அதனால் மாறி இருக்கிறதா என்று கேட்கும் ‘டிஃபைண்ட்’ சோதனை எப்போதும் தேறும், உள்ளே வெளியீடு இருக்காது.

பிழை தேடும்போது நிபந்தனையை முறைத்துப் பார்த்துப் பயனில்லை. அதற்கு முந்தைய வரியில் மதிப்பை ‘ரெப்ர்’ வைத்தும், வகையை ‘டைப்’ வைத்தும் அச்சிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத வரிமுறிவும் கடைசி இடைவெளியும் அப்போதுதான் வெளியே வரும். அன்சிபிளில் வகையைப் பார்க்க ‘டைப்_டீபக்’ வடிகட்டி.

பிறகு நாலு உரைக் கோப்பு சேமியுங்கள்: அப், டவுன், நிர்வாக டவுன், காலி. முடிவெடுக்கும் பகுதியைத் தனி ஃபங்ஷனாக்கி நாலையும் அதில் ஓட்டுங்கள். ஓடுகிற சுவிட்சைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது கோப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். டெக்னீஷியன் வேண்டுமென்றே ‘ஷட்டவுன்’ போட்ட போர்ட்டிலும் ‘டவுன்’ என்ற சொல் இருக்கும். ‘இஃப்’ கிளைகளில் சாதா டவுன் முதலில் நின்றால் அதுவே பிடித்துக்கொள்ளும், பராமரிப்பு முடியும்வரை தோட்டம் முழுக்க 4ஜி டேட்டாவில் ஓடும். நிர்வாக டவுனை மேலே வையுங்கள், சாதா டவுன் அதற்குக் கீழே, எதிலும் சேராததற்குக் கடைசியில் ஒரு ‘எல்ஸ்’. அந்த எல்ஸ் எதையும் மாற்றக் கூடாது, எச்சரிக்கை மட்டும் அனுப்ப வேண்டும்.