வாசிப்பு என்ற ஒரே தலைப்பில் ஆறு வாரங்கள்: ஐஇஎல்டிஎஸ் பேச்சுப் பயிற்சிக் குறிப்புகள்

சென்ற ஆண்டு நான் எழுதிய, ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் மற்ற மூன்று பிரிவுகளிலும் வேண்டிய மதிப்பெண் வந்துவிட்டது. பேச்சில் மட்டும் 6 வந்தது. எனக்குத் தேவைப்பட்டது 7. வேடிக்கை என்னவென்றால், அன்று முதல் பகுதியில் என்னிடம் கேட்கப்பட்டது வாசிப்புப் பழக்கம் பற்றித்தான். வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் அடுக்கி வைத்திருக்கிற நான், "யெஸ், ஐ லைக் ரீடிங் வெரி மச்" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஒரு வாக்கியமும் வராமல் தேர்வாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே இம்முறை ஐம்பது தலைப்புகளை மேய்வதை விட்டுவிட்டு, வாசிப்பு என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு வாரங்கள் பேசிப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

தேர்வின் அமைப்பு பலருக்கும் தெரிந்ததே. மொத்தம் 11 முதல் 14 நிமிடங்கள், மூன்று பகுதிகள். முதல் பகுதியில் நம்மைப் பற்றிய எளிய கேள்விகள் வரும். இரண்டாவதில் பேச வேண்டிய தலைப்பு எழுதிய ஒரு கியூ கார்டைக் கொடுத்து, குறிப்பெடுக்கத் தாளும் பென்சிலும் தந்து, 1 நிமிடம் யோசிக்க விடுவார்கள். அதன்பின் 2 நிமிடங்கள் வரை நாமே பேச வேண்டும். மூன்றாவதில் அதே பொருளை ஒட்டிய பொதுவான விவாதம் நடக்கும். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கிற்கும் சமமான எடை. நம் கருத்து சரியா தவறா என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

மாலை ஏழு மணிக்கு மொட்டைமாடி, கைப்பேசியில் ஒலிப்பதிவு, தேர்வாளர் நாற்காலியில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகள்: இதுதான் ஏற்பாடு.

முதல் வாரம் முழுவதும் வீண். முன்பு நான் சேர்ந்திருந்த ஒரு பயிற்சி மையத்தில் கொடுத்த மாதிரி விடைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதன்படி நான் ஒரு "வொரேஷியஸ் ரீடர்", அதாவது அடங்காத வாசிப்புப் பசி கொண்டவன். காலையில் எழுந்ததும் சுயமுன்னேற்ற நூல் படிப்பவன். வாசிப்பு என் "ஹொரைசனை" விரிவாக்குகிறது. இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது அக்கா மகள் தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்: இப்போது எந்தப் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், எதுவரை வந்திருக்கிறீர்கள்? நான் ஆங்கிலச் சுயமுன்னேற்ற நூல் எதையும் முப்பது பக்கத்தைத் தாண்டிப் படித்தவன் அல்லன். திணறினேன். "மாமா, இவ்வளவு நேரம் நீங்க பேசல, ஒப்பிச்சீங்க" என்றாள். ஒலிப்பதிவைக் கேட்டபோது அவள் சொன்னது எனக்கே விளங்கியது. மனப்பாடம் செய்த வாக்கியங்கள் ஒரு வேகத்திலும் நானாகப் பேசிய வாக்கியங்கள் வேறு வேகத்திலும் ஓடின. நடுவில் ஒட்டுப்போட்ட இடம் அப்படியே தெரிந்தது.

உண்மை சொல்கிறோமா என்று தேர்வில் யாரும் சோதிப்பதில்லை, கற்பனையாகவே பேசலாம் என்று பயிற்சியாளர்கள் சொல்வது சரிதான். ஆனால் சரளமாகப் பொய் சொல்லத் தாய்மொழியிலேயே ஒரு திறமை வேண்டும். எனக்கு அது இல்லை.

இரண்டாவது வாரம் ஆங்கிலத்தைத் தள்ளி வைத்துவிட்டு, நான் உண்மையில் எப்படி வாசிக்கிறேன் என்பதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதினேன். நாளிதழை ஆசிரியருக்குக் கடிதம் பகுதியிலிருந்து தொடங்குகிறேன். வாரப் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து புரட்டுகிறேன். பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளைக் கூடப் படிக்காமல் எறிவதில்லை. ஒரே சிறுகதைத் தொகுப்பை ஆண்டுக்கொரு முறை எடுத்துப் படிக்கிறேன். புதிதாக வாங்கியவற்றில் பாதி இன்னும் பிரிக்காமலே கிடக்கின்றன. இவற்றை ஆங்கிலத்தில் சொல்ல முயன்றபோது சொற்கள் பகட்டாக இல்லை என்றாலும், ஒரு வாக்கியம் அடுத்த வாக்கியத்தைத் தானாக இழுத்துக்கொண்டு வந்தது.

அங்கேதான் "புக்" என்ற சொல்லில் வழுக்கினேன். நம் பேச்சில் நாவலும் புக், வாரப் பத்திரிகையும் புக், சோதிடக் கையேடும் புக். நான் "ஐ ரீட் டூ புக்ஸ் எவ்ரி வீக்" என்று சொன்னது இரண்டு வாரப் பத்திரிகைகளை. கேட்பவர் இரண்டு நாவல் என்று எடுத்துக்கொண்டு அதைப் பற்றி அடுத்த கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வேன். "மேகசின்" என்று சொல்லப் பழக நாலைந்து நாள் ஆயிற்று. இன்னொன்று, "ஐ ஆம் ரீடிங் டெய்லி" என்று என் வாயில் ஊறிப்போன வாக்கியம். வழக்கத்தைச் சொல்லும்போது "ஐ ரீட் எவ்ரி டே" என்பதே சரி என்று பள்ளியிலேயே படித்ததுதான். நாக்குக்கு அது போய்ச் சேரவில்லை.

இந்த ஆறு வாரங்களில் எனக்கு மிகவும் பயன்பட்டது இரண்டாம் பகுதிப் பயிற்சி. நீங்கள் படித்த ஒரு புத்தகத்தை விவரியுங்கள் என்பது கார்டு: என்ன புத்தகம், எப்போது படித்தீர்கள், எதைப் பற்றியது, ஏன் நினைவில் நிற்கிறது. நான் தேர்ந்தெடுத்தது கடையில் வாங்கிய புத்தகத்தை அன்று. என் அம்மா ஒரு வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாரம் தவறாமல் கத்தரித்து, அடுக்கி, கடைசியில் அச்சகத்தில் கொடுத்துத் தைத்து வாங்கிய கட்டு அது. காலிகோ துணி ஒட்டிய அட்டை, முதுகில் அம்மாவின் கையெழுத்தில் தலைப்பு. தாளின் மறுபக்கத்தில் வேறு எதுவோ அச்சாகியிருந்தால் அதுவும் கூடவே இருக்கும், ஆகையால் கதாநாயகி கண்ணீர் விடும் பக்கத்துக்கு எதிரே பற்பொடி விளம்பரம் நிற்கும். 31ஆம் அத்தியாயத்துக்கு அடுத்து 33ஆம் அத்தியாயம். நடுவில் ஒரு வாரம் நாங்கள் திருமணத்துக்காக வெளியூர் போயிருந்தோம்.

முதல் முறை பேசியது 47 விநாடி. கதைச்சுருக்கத்தைச் சொல்ல ஆரம்பித்ததுதான் பிழை. ஐம்பது வாரம் ஓடிய தொடரின் கதையை 2 நிமிடத்தில் சொல்ல முயன்றால் பாத்திரங்களின் பெயரிலேயே மூச்சு முட்டிவிடும். அடுத்த நாள் கதைக்கு இரண்டே வாக்கியம் ஒதுக்கிவிட்டு, கட்டைப் பற்றிப் பேசினேன். 1 நிமிடம் 20 விநாடி வந்தது. யோசிக்கும் ஒரு நிமிடத்தில் முழு வாக்கியங்கள் எழுதும் பழக்கத்தையும் அப்போதே விட்டேன். இப்போது தாளில் எழுதுவது நான்கு சொற்கள் மட்டுமே: கத்தரிக்கோல், காலிகோ, பற்பொடி, 32.

இலக்கணமும் இந்தக் கட்டின் வழியாகத்தான் ஒழுங்குக்கு வந்தது. பைண்டிங் என்பது நமக்குத் தமிழ்ச் சொல் போலவே ஆகிவிட்டதால், "ஷி பைண்டட் இட்" என்று கூச்சமே இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். "பவுண்ட்" என்று வர வேண்டும். படிப்பதைக் குறிக்கும் "ரீட்" இறந்தகாலத்தில் "ரெட்" என ஒலிக்கும், எழுத்து மாறாது. எழுத்தைப் பார்த்தே ஆங்கிலம் கற்ற என்னைப் போன்றவர்களுக்கு இது தீராத தொல்லை. ஆனால் 32ஆம் அத்தியாயம், எத்தனை பயிற்சிப் புத்தகம் படித்தும் பிடிபடாத ஒன்றைப் புரிய வைத்தது. நான் கட்டைப் படிப்பதற்கு முன்பே அந்தப் பக்கங்கள் விட்டுப்போயிருந்தன என்பதைச் சொல்ல, இறந்தகாலத்துக்கும் முந்தையதைக் குறிக்கும் "ஹேட்" இல்லாமல் முடியாது. தேவை வந்ததும் அது தானாக வாயில் வந்தது.

நான்காவது வாரம் புளியங்கொட்டை வந்தது. நான் ஒவ்வொரு முறை "ஆக்சுவலி" சொல்லும்போதும் எதிரே இருந்த எவர்சில்வர் டம்ளரில் அக்கா மகள் ஒரு கொட்டையைப் போட்டாள். அந்தச் சத்தம் கேட்டதும் சொல்ல வந்தது மறந்துபோய், அதைச் சமாளிக்க இன்னொரு "ஆக்சுவலி" வந்து, இன்னொரு கொட்டை விழுந்தது. முதல் நாள் பதினொன்று. பிறகு, பேசும்போது போடாமல் ஒலிப்பதிவைக் கேட்கும்போது போடுவதென்று மாற்றிக்கொண்டோம். அது சரியாக வேலை செய்தது.

மூன்றாம் பகுதியில் என் நோய், முதல் வாரம் சொந்த அனுபவம் வாயில் வராமல் திணறியதற்கு நேர் எதிரானது. பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாக வாசிக்கிறார்களா, மின்னூல் வந்தபின் நூலகம் தேவையா என்று பொதுவாகக் கேட்டால், மறுபடியும் அம்மாவின் கட்டுக்கே ஓடிவிடுவேன். அதற்கு மாற்றாக நூலகத்தைப் பற்றிக் கொஞ்சம் தயாரித்தேன். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1892இல் பிறந்தது எங்கள் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் சீர்காழியில். கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகத்துக்கான ஐந்து விதிகளை 1931இல் வெளியிட்டார். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியதன் பின்னணியிலும் அவர் உழைப்பு உண்டு. இவ்வளவையும் ஆண்டுகளோடு அடுக்கியபோது, "இது லைப்ரரியன் வேலைக்கான இன்டர்வியூவா மாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இப்போது ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன்: பொது நூலகத்துக்கென்று அன்றே சட்டம் போட்ட மாகாணத்தில், எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தெரியாது. இதைச் சொன்னால் ஏன் அப்படி, என்ன செய்யலாம் என்று பேச்சு மேலே போகிறது.

தீராதவையும் உண்டு. இலக்கிய வகையைக் குறிக்கும் அந்தப் பிரெஞ்சுச் சொல்லைச் சினிமா விமர்சனங்களின் புண்ணியத்தில் "ஜானர்" என்றே சொல்லிப் பழகிவிட்டேன். திருத்த முயன்று தோற்று, "கைண்ட் ஆஃப் புக்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். "ஃபிக்‌ஷன்" என்பதில் முதல் எழுத்து அவசரத்தில் பகரமாகிவிடுகிறது.

நேற்றைய பதிவு 1 நிமிடம் 54 விநாடி, மூன்று கொட்டைகள். நிறுத்தும் பொத்தானை அழுத்தியதும் அக்கா மகள் தேர்வாளர் வேடத்தை மறந்து, "அந்த 32ல என்னதான் நடந்துச்சு மாமா?" என்று தமிழில் கேட்டாள். பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தக் கதை நூலாக வந்திருப்பதை நூலகத்தில் பார்த்து, நின்றபடியே அந்த அத்தியாயத்தைப் படித்ததைச் சொன்னேன். அதில் ஒரு கடிதம் வருகிறது, யாரோ ஊருக்குக் கிளம்புகிறார்கள், அவ்வளவுதான். அவள் சிரித்தாள். பிறகு இதையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கலாமே என்று மறுபடி பொத்தானை அழுத்தினோம். "பவுண்ட்" சரியாக வந்தது. "ரெட்" இரண்டு இடத்தில் மறுபடியும் "ரீட்" ஆகிவிட்டது.