டிரைவ்வே ஓரத்தில் இந்த வருஷம் கிராப்கிராஸ் இல்லை

ஜூலை பாதி தாண்டியும் டிரைவ்வே ஓரம் சுத்தமாக இருக்கிறது. நியூ ஜெர்சியில் புல்தரை வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். போன கோடையில் இதே ஓரத்தில் கிராப்கிராஸ் என்ற களைப்புல் தரையோடு தரையாகப் படர்ந்து, நான் வளர்க்கும் டால் ஃபெஸ்க்யூ புல்லைத் தலைதூக்க விடவில்லை. ஒரு செடியே ஒன்றரை லட்சம் விதை வரை கொட்டக்கூடியது. முதல் உறைபனியில் செடி செத்தாலும் விதை அங்கேதான் கிடக்கும்.

இந்த முறை காலண்டரைப் பார்க்காமல் மண்ணின் சூட்டைப் பார்த்தேன். இரண்டு அங்குல ஆழத்தில் மண் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டு நாலைந்து நாள் அப்படியே நின்றால் விதை முளைவிடத் தொடங்கும். களை முளைத்து வருவதைத் தடுக்கும் மருந்து அதற்கு முன்பே மண்ணில் இறங்கியிருக்க வேண்டும். சமையலறைத் தெர்மாமீட்டரே போதும், ஆனால் அதை எங்கே குத்துகிறோம் என்பது முக்கியம். மேப்பிள் மர நிழலில் மண் சில்லென்று இருந்த அதே காலையில், டிரைவ்வேயின் தார் ஓரத்து மண் சூடேறியிருந்தது. தார் வெயிலை வாங்கிப் பக்கத்து மண்ணுக்குக் கொடுத்துவிடுகிறது. களை எப்போதும் அங்கிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் இதுதான். அதனால் ஓரத்து மண்ணை வைத்தே நாள் குறித்தேன். வசந்தத் தொடக்கத்தில் பூக்கும் புதரான ஃபோர்சித்தியா தெருமுனையில் மஞ்சளாகப் பூத்து நின்றதும் அதை உறுதிப்படுத்தியது.

போட்டது புரோடயமின். இது விதையைக் கொல்லாது, முளைத்து வரும் வேரை வளரவிடாமல் நிறுத்தும். மேல்மண்ணில் ஒரு படலம் போல நிற்க வேண்டும் என்பதால், போட்ட பிறகு ரேக்கைத் தொடவே இல்லை. தண்ணீர் அரை அங்குலம் இறங்க வேண்டும். காலி மீன் டின்களைப் புல்லில் ஆங்காங்கே வைத்து, ஸ்பிரிங்க்ளரை ஓடவிட்டு ஸ்கேலால் அளந்தேன். மூலையில் இருந்த டின்னில் அந்த அளவில் பாதிகூடச் சேரவில்லை! அந்த மூலைக்குத் தனியாக ஹோஸ் பிடித்தேன்.

பெரிய கடைகளில் கேட்டால் உரம் கலந்த மூட்டையைத்தான் நீட்டுகிறார்கள். ஏப்ரலில் நைட்ரஜனை அள்ளிக் கொட்ட எனக்கு விருப்பமில்லை. உரம் கலக்காத மருந்து கடைசியில் விவசாயப் பொருள் விற்கும் கடையில்தான் கிடைத்தது.

மருந்துப் படலத்தின் ஓட்டை வழியாக முளைத்து வந்த சில களைகளைத் தூர் கட்டும் முன் கையால் பிடுங்கினேன். முளைத்த களையைக் கொல்லும் குயின்க்லோராக் அடிக்க மனம் வரவில்லை, காரணம் தக்காளி. அந்த மருந்து அடித்த புல்லை வெட்டித் தக்காளிப் பாத்தியில் மூடாக்காகப் போட்டால் செடி சுருண்டுவிடும். எங்கள் வீட்டில் வெட்டிய புல் முழுக்கப் பாத்திக்குத்தான் போகிறது. மோவரை மூன்றரை அங்குலத்துக்குக் கீழே இறக்குவதில்லை, மண்ணில் புல்லின் நிழல் விழுந்தாலே களை விதை நிறைய அடங்கிவிடுகிறது.

முன்பக்கத்துக்கு ஜூனில் இரண்டாவது தவணை போட்டாயிற்று. பின்பக்கத்துக்கு வேண்டுமென்றே போடவில்லை. செப்டம்பரில் அங்கே ஃபெஸ்க்யூ விதைக்கப் போகிறேன். புரோடயமின் மிச்சமிருந்தால் அந்த விதையும் வேர் விடாது. விதைக்கும் அன்று மெசோட்ரியோன் என்ற களைக்கொல்லி அடிக்கலாம், டால் ஃபெஸ்க்யூ அதைத் தாங்கும். இப்போதைக்கு விதை மூட்டை விலைதான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.